சேலத்துக் காட்டில் களை: முறையை மாற்றினால் எந்தக் களை இறங்கும், எந்தக் களை ஏறும்

உழவைக் குறைத்தால் மண் வளம் கூடும், காய்ந்த தழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், நீரைக் காயவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீர் மிச்சம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஒவ்வொரு முறைக்கும் களைப் பக்கத்தில் தனிக் கணக்கு உண்டு. ஒரு களையை ஒடுக்கும் அதே வேலை இன்னொரு களைக்கு இடம் கொடுக்கும். உழவை நிறுத்திய காட்டில் (விளைநிலத்தில்) சாரணை குறையும், அருகு (அருகம்புல்) படரும். தண்ணீர் மிச்சப்படுத்திய வயலில் வேர் நன்றாக ஓடும், புல்லும் சேர்ந்து ஓடும். அதனால் முறையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் களையைப் பிறகு பார்ப்பது தலைகீழ் வேலை. காட்டில் எந்தக் களை இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற முறையைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கத்து மக்காச்சோளம், மானாவாரிச் சோளம், மேட்டூர் கால்வாய்ப் பாசன நெல், சேர்வராயன் மலைச்சரிவுகளின் ராகி, சாமை ஆகியவற்றை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

விதைப்பதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள்

கம்பியிலோ குச்சியிலோ அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். முந்தின வெள்ளாமையில் களை முளைத்திருக்கும்போது ஏக்கருக்கு 10 இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போல, சட்டத்தைப் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுங்கள். சராசரியை 4 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு வரும். மொத்த எண்ணிக்கையை விட வகைப் பிரிவுதான் முக்கியம். விதையால் மட்டும் வருபவை (சாரணை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, நாய்க்கடுகு, பார்த்தீனியம்), கிழங்காலும் தண்டாலும் வருபவை (கோரை, அருகு), பயிரின் வேரையே உறிஞ்சுபவை (சுடுமல்லி) என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சில இடங்களில் நேர் எதிர்.

காடு சும்மா கிடக்கும்போதும் சோதிக்கலாம். 20 இடத்தில் மேல்மண்ணை 10 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, தட்டில் 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 3 வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். முளைப்பவை இந்தப் பட்டத்தில் உங்களைச் சந்திக்கப்போகும் கூட்டத்தின் மாதிரி. சுடுமல்லி மட்டும் இந்தத் தட்டில் தலைகாட்டாது. அதன் காரணம் பின்னால் வருகிறது.

கோடை உழவு: எல்லாக் காட்டுக்கும் ஒரே அளவு கிடையாது

‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பார்கள். களைக் கணக்கில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிறு விதைக் களைகள் மேல் 2, 3 செ.மீ. மண்ணிலிருந்துதான் பெரும்பாலும் முளைக்கும். ஒருமுறை ஆழ உழுதால் அந்த விதைகள் அடியில் போய் அடைபடும். அடுத்த வருடமும் அதே ஆழம் உழுதால், போன வருடம் புதைத்ததில் உயிரோடு இருப்பதை நீங்களே மேலே கொண்டுவந்து வைக்கிறீர்கள். குப்பைக்கீரை போன்றவற்றின் விதைக்கு வெளிச்சம் பட்டாலே முளைக்கும் தூண்டுதல் கிடைத்துவிடும். ஆகவே விதைக் களை மட்டுமே உள்ள காட்டில் 3, 4 வருடத்துக்கு ஒருமுறை ஆழ உழவு, இடைப்பட்ட வருடங்களில் பலுகு (மேல்மண்ணைக் கீறும் பல் வைத்த கருவி) ஓட்டிய மேலுழவு போதும்.

கோரை உள்ள காட்டில் கதை வேறு. கோரையின் பலம் மண்ணுக்குள் மணிமாலை போலக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. மாலை அறுபடாமல் இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கிக்கொண்டிருக்கும். மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டினால் மாலை துண்டு துண்டாகி, உறங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். “ரோட்டவேட்டர் ஓட்டினேன், கோரை இரட்டிப்பாகிவிட்டது” என்று சொல்பவர் மிகைப்படுத்தவில்லை. செய்ய வேண்டியது இது:

1. அறுவடை முடிந்து மண் காய்ந்ததும், மாசி, பங்குனி வாக்கில், ஐந்து கொத்துக் கலப்பையால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் உழுது கட்டிகளைப் புரட்டுங்கள். கட்டியை உடைக்கவோ பரம்படிக்கவோ வேண்டாம். வெயில் கிழங்கைத் தொட்டுக் காயவைக்க வேண்டும்.
2. 10, 15 நாள் இடைவெளியில் குறுக்கே மீண்டும் உழுங்கள். மொத்தம் மூன்று உழவு. நடுவில் மழை பெய்தால் அந்தச் சுற்றுக் காய்ச்சல் வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
3. கோடை மழைக்கு மிச்சக் கிழங்குகள் துளிர்க்கும். துளிர்த்து 3 வாரம் ஆவதற்குள் மறுபடி வெட்டுங்கள். அதைத் தாண்டினால் தாய்க்கிழங்கு இழந்த சத்தை இலை திருப்பிக் கொடுத்து, புதுக்கிழங்கும் கட்ட ஆரம்பிக்கும்.
4. அதன்மேல் நிழல் போடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. நெருக்கமாக விதைத்த சணப்பை, தட்டைப்பயறு, தீவனச் சோளம் ஏதாவது ஒன்று மூடிக்கொண்டால் துளிர் மெலியும்.

ஒரே கோடையில் கோரை ஒழியும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். இரண்டு, மூன்று கோடை விடாமல் செய்தால் எண்ணிக்கை இறங்குவது உங்கள் சட்டத்திலேயே தெரியும்.

அருகை உழவுக்குப் பின் பலுகால் வாரி எடுத்து வெயிலில் கொட்டுங்கள். ஈரக் காட்டில் அப்படியே விட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

உழவைக் குறைத்தால் நடப்பது

உழாமல் விதைக்கும் காட்டில் விதைகள் மண்ணின் மேலேயே கிடக்கும். எறும்பும் வண்டும் பறவையும் அவற்றில் கணிசமாகத் தின்னும், வெயிலும் கொஞ்சம் கொல்லும். ஆனால் முதல் இரண்டு வருடம் புல்வகைக் களைகள் மொத்தமாக முளைத்துப் பயமுறுத்தும். அப்போதே விதை கட்டவிடாமல் எடுத்துவிட்டால் மூன்றாவது வருடத்திலிருந்து இறங்கும். விட்டுவிட்டால் மேல்மண் முழுக்க விதை. பல நாடுகளில் உழவில்லா முறை கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைச் சார்ந்தே நடக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்த அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. எனவே கோரையும் அருகும் நிறைந்த காட்டில் உழவில்லா முறையைத் தொடங்காதீர்கள். முதலில் அவற்றை மேலே சொன்னபடி குறைத்துவிட்டு, பிறகு உழவைக் குறையுங்கள்.

பொய் விதைப்பு

விதைக் களைக்கு இதைப் போல மலிவான முறை இல்லை. நிலத்தை விதைப்புக்குத் தயாராக்கி, தண்ணீர் விட்டு, 10 முதல் 14 நாள் சும்மா விடுங்கள். களை இரண்டு, மூன்று இலை விட்டதும் 2, 3 செ.மீ.க்கு மேல் இறங்காமல் மேலாகச் சீவிவிட்டு விதையுங்கள். இதில் கெடுவது ஆழத்தில்தான். சீவ வேண்டிய இடத்தில் கலப்பையை இறக்கினால் அடியிலிருந்து அடுத்த தவணை விதை மேலே வரும், காத்திருந்த 2 வாரமும் போச்சு.

மானாவாரியில் சிக்கல் உண்டு. சேலத்துச் செம்மண் ஈரத்தை நாலைந்து நாளுக்கு மேல் பிடித்துவைக்காது. ஆடிப்பட்டத்து மழையைப் பொய் விதைப்புக்குச் செலவழித்தால் விதைப்புக்கு ஈரம் இருக்காது. ஆகவே சித்திரை, வைகாசிக் கோடை மழையையே இதற்குப் பயன்படுத்துங்கள். ஆடியில் பெய்வது விதைக்கு.

எருவோடு வரும் களை

ரசாயன உரத்தைக் குறைத்து எருவுக்கு மாறியவர் காட்டில் களை கூடினால், பாதி நேரம் குற்றவாளி எருக்குழிதான். மட்காத சாணத்திலும், பட்டி போடும் ஆடு வெளியில் மேய்ந்துவிட்டு வந்து போடும் புழுக்கையிலும் கடினத் தோல் விதைகள் உயிரோடு வரும். எருவைக் குழியில் அழுக விடுவதற்குப் பதில் 4 முதல் 5 அடி உயரக் குவியலாகப் போட்டு, பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டும் அளவுக்கு நனைத்து வையுங்கள். நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நிற்க வேண்டும். இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கிறதா என்று பாருங்கள். 15 நாளுக்கு ஒருமுறை வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். புரட்டாத குவியலில் ஓரத்து விதை அப்படியே தப்பும்.

மண்புழு உரம் சூடாவதில்லை. புழுத்தொட்டியில் போடும் சாணத்தை முதலில் இப்படிச் சூடேற விட்டு ஆறவைத்துப் போட்டால்தான் களை விதை சாகும். எந்த எருவாக இருந்தாலும் இரண்டு கைப்பிடியை ஆற்றுமணலோடு கலந்து, ஈரமாக 2 வாரம் வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏற்றுங்கள்.

எருவை வீசி இறைப்பதை விட விதைச்சாலில் இடுவது மேல். வீசினால் வரிசைக்கு நடுவில் முளைக்கும் களைக்கும் சேர்த்துச் சோறு போடுகிறீர்கள்.

வரிசையும் ஊடுபயிரும்

மக்காச்சோளத்தை 60 செ.மீ. × 25 செ.மீ. இடைவெளியில் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி நிற்கும். வீரிய ஒட்டு விதை 8 கிலோ போதும். எட்டாம் நாள் முளைக்காத குழிகளில் மறுவிதை போடுங்கள். பயிர் இல்லாத இடத்தைக் களை காலியாக விடாது.

60 செ.மீ. இடைவெளியின் நடுவில் ஒரு வரிசை உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால், 25, 30 நாளில் தரை மூடும். ஏக்கருக்கு 4, 5 கிலோ விதை வேண்டும். கொடியோடும் தட்டைப்பயறு மக்காச்சோளத்தின் மேல் ஏறிச் சாய்த்துவிடும் என்பதால் செடி ரகமாகப் பாருங்கள். இன்னொன்று: நடுவில் பயறு இருக்கும் காட்டில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கக்கூடாது, பயறு கருகிவிடும். முந்தைய பயிருக்கு அடித்த அட்ரசின் மண்ணில் தங்கியிருந்தாலும் பயறுக்கு ஆபத்து. பயறு நடுவில் நின்றால் பவர் வீடரும் (இயந்திரக் களையெடுப்பானும்) உள்ளே போகாது. முதல் 30 நாள் களை கைக்கொத்தில்தான் போகவேண்டும். ஆள் கிடைக்காத ஊரில், கோரை நிறைந்த காட்டில், ஊடுபயிரை விட வெறும் வரிசையும் சக்கரக் களையெடுப்பானும் மேல்.

மூடாக்கு 5 முதல் 7 செ.மீ. கனம் இருந்தால்தான் களை அடங்கும். அதற்கு ஏக்கருக்கு 2 டன்னுக்கு மேல் காய்ந்த தழை வேண்டும். மாடு வைத்திருக்கும் வீட்டில் சோளத்தட்டையை நிலத்தில் போடு என்று சொல்வது நடக்காத யோசனை. கரும்புத் தோகை, கடலைத் தோல், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துப் பாக்குத் தோல் இவற்றைப் பாருங்கள். கோரை மூடாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அதற்கு இது மருந்தில்லை. செம்மண் காட்டில் காய்ந்த மூடாக்கு கரையானையும் கூட்டிவரும், முளைக்கும் வயசில் செடித் தூரை ஒட்டிப் போடாதீர்கள்.

களையெடுக்கும் நாட்கள்

மக்காச்சோளத்துக்கு 15 முதல் 45 நாள் வரையும், ராகிக்கு 25 முதல் 45 நாள் வரையும் காடு சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் களை அந்த வெள்ளாமையின் மகசூலை அதிகம் குறைக்காது, விதையை மட்டும் அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவைக்கும்.

மக்காச்சோளத்தில் முதல் களை 15 முதல் 20 நாளுக்குள், இரண்டாவது 30 முதல் 35 நாளுக்குள் மண் அணைப்போடு. பவர் வீடரை 4, 5 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். 35 நாளுக்கு மேல் ஆழமாக ஓட்டினால் பக்கவேர் அறுந்து காற்றுக்குச் செடி சாயும். கையில் பிடித்தால் உருண்டு, விரல் பட்டதும் உதிரும் பதத்தில் மண் இருக்க வேண்டும். ஈரம் அதிகமானால் பிடுங்கிய களை மறுபடி வேர் விடும்.

உப்பும் கோமியமும் கலந்து அடித்தால் களை கருகும் என்று சுற்றும் யோசனையைக் காட்டில் முயலவேண்டாம். இலை கருகும், கிழங்கு துளிர்க்கும், உப்பு மண்ணிலேயே தங்கும்.

சுடுமல்லி: தனி அத்தியாயம்

ஈரம் இருந்தும் மதியத்தில் சோளம் வாடுகிறது, வளராமல் நிற்கிறது, இலையில் மஞ்சள் கோடு. மழை குறைவு என்று பலர் விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அடியில் வெள்ளைப் பூவோடு சிறு செடி தலைகாட்டும்போதுதான் சுடுமல்லி என்று தெரியும். அதற்குள் சேதத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் முடிந்திருக்கும். சோளம், மக்காச்சோளம், ராகி, சாமை, கரும்பு எல்லாவற்றின் வேரிலும் ஒட்டும்.

இதன் விதை தூசி போன்றது. ஒரு செடியிலேயே பல ஆயிரம் விதை, மண்ணில் 10 வருடத்துக்கு மேல் காத்திருக்கும். ஈரமும் சூடும் மட்டும் கிடைத்தால் முளைக்காது. அருகில் ஓடும் வேர் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள் தொட்டால்தான் முளைக்கும். தட்டில் வைத்த மண்ணில் அது தெரியாததன் காரணம் இதுதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த மண்ணில் பயிர் இந்தப் பொருளை அதிகமாகக் கசியும். உரத்தைத் திடீரென்று நிறுத்தி, எருவும் போதுமான அளவு இடாத காட்டில் சுடுமல்லி பெருகுவது இதனால்தான். ரசாயனத்தைக் குறைக்கலாம், தழைச்சத்தைக் குறைக்கக்கூடாது. தொழு உரம், பயறு, பசுந்தாள் எதிலாவது ஈடுகட்ட வேண்டும்.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பருத்தி, நிலக்கடலை, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேரும் அந்தத் தூண்டுதலைக் கொடுக்கும், ஆனால் சுடுமல்லியால் அவற்றில் ஒட்ட முடியாது. முளைத்த விதை பிடிக்க வேர் இல்லாமல் சாகும். எனவே சுடுமல்லி கண்ட காட்டில் தொடர்ந்து 2, 3 வருடம் இவற்றை மாற்றிப் போடுங்கள். சோளத்துக்குப் பிறகு கரும்போ மக்காச்சோளமோ போட்டால் அது மாற்றுப்பயிர் ஆகாது. இன்னொரு வழி, தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைத்து, சுடுமல்லி வெளியே வந்து பூப்பதற்குள் மடக்கி உழுவது.

தலைகாட்டியவற்றை ஈர மண்ணில் கையால் பிடுங்குங்கள். கொத்தினால் அடியிலிருந்து பல கிளை விடும். பூத்த செடி பிடுங்கிய பிறகும் விதை முற்றும் என்பதால் வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள். மாட்டுக்கும் போடக்கூடாது, எருக்குழிக்கும் போடக்கூடாது.

நெல் வயல்

முதல் சேற்றுழவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 7 முதல் 10 நாள் விடுங்கள். இதுவும் ஒரு பொய் விதைப்புதான். பிறகு பரம்படித்து மட்டப்படுத்துவதில் சோம்பல் கூடாது. தண்ணீர் ஏறாத மேட்டில்தான் புல்லும் கோரையும் முதலில் பிடிக்கும். முன்னதாகத் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் தழைச்சத்தும் கிடைக்கும், அதுவரை முளைத்த களையும் நிழலில் நசுங்கும்.

செம்மை நெல் சாகுபடியில் 14, 15 நாள் நாற்றை 25 செ.மீ. சதுரத்தில் நட்டு, நட்ட 10 ஆம் நாளிலிருந்து 10 நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் (கையால் தள்ளும் களையெடுப்பான்) ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தை 20 ஆம் நாளுக்குத் தள்ளினால் களை வேர் பிடித்து, கருவி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். 2, 3 செ.மீ. தண்ணீர் நிற்கும்போது ஓட்டுங்கள். காய்ந்தால் மண் சுற்றிக்கொள்ளும், அதிகமானால் களை மிதந்து வேறிடத்தில் வேர் விடும். ஒரு ஓட்டம் நெடுக்கே, அடுத்தது குறுக்கே.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் 30 செ.மீ. நீளத் துளையிட்ட குழாயை 15 செ.மீ. மண்ணில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுவது வழக்கம். இதை நட்டதும் தொடங்கினால் களைக்குக் கொண்டாட்டம். களை நிறைந்த வயலில் முதல் 2, 3 வாரம் மெல்லிய நீரை நிறுத்தி, இரண்டு கோனோ வீடர் ஓட்டம் முடிந்த பிறகு காயவிடுங்கள். அசோலா என்ற மிதக்கும் சிறு பெரணி நீரின் மேல் மூடிக்கொண்டால் புதிதாக முளைக்கும் சிறு களைகள் அடங்கும். தலைதூக்கிய கோரையை அது ஒன்றும் செய்யாது.

நெல்லையும், அதைப் போலவே தெரியும் நெற்புல் என்ற களையையும் பிரித்தறிய, இலையும் உறையும் சேரும் கழுத்தைப் பாருங்கள். நெல்லில் வெள்ளைச் சவ்வும் மயிர் முளைத்த சிறு காதும் இருக்கும். புல்லில் இரண்டும் இருக்காது, கழுத்து மொழுமொழுவென்று இருக்கும்.

மலைச்சரிவு

சேர்வராயன் சரிவில் ராகி, சாமையைத் தூவி விதைத்தால் எது பயிர், எது புல் என்று ஒரு மாதம் வரை தெரியாது. வரிசையில் விதைத்தாலோ நட்டாலோ, வரிசைக்கு வெளியே இருப்பதெல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சாமைக்கு 25 செ.மீ. வரிசை, ராகி நாற்றுக்கு 22.5 செ.மீ. × 10 செ.மீ. சரிவுக்குக் குறுக்காகவே வரிசை போகட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் சரிவு முழுவதையும் ஒரே நாளில் வழித்தெடுத்தால் மேல்மண் கீழே போய்விடும். பட்டை பட்டையாக எடுத்து, பிடுங்கியதை வேர் மேலே பார்க்கும்படி குறுக்குவரிசையாகப் போடுங்கள். பூத்த களையை அதில் சேர்க்காதீர்கள்.

அறுவடையும் களமும்

கதிர் முற்றும்போது களையும் முற்றும். அறுவடைக்கு 10 நாள் முன்னால் ஒருமுறை நடந்து, பயிருக்கு மேலே தலை நீட்டும் நெற்புல், பண்ணைக்கீரை இவற்றின் கதிரை அறுத்துச் சாக்கில் போடுங்கள். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குங்கள். கையுறை போடாமல் தொட்டால் தோல் அரிக்கும். கால்வாய்த் தண்ணீரில் விதை மிதந்து வரும், மடைவாயில் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டி வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். அறுவடை இயந்திரம் ஊர் ஊராகப் போவது. உங்கள் வயலில் இறங்குமுன் சல்லடையையும் வெட்டுப்பலகையையும் துடைப்பத்தால் தட்டச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். களத்தில் தூற்றிய பிறகு மிஞ்சும் தூசியிலும் பதரிலும்தான் களை விதை திரண்டிருக்கும். அதை எருக்குழியில் கொட்டாமல் கோழிக்குப் போடுங்கள், மிச்சத்தை அடுப்பில் எரியுங்கள்.